மடைப்பள்ளிக் கூரைக்கு ஒரு தேர்தல்

மலையடிவாரத்து மடத்தில் மடைப்பள்ளிக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மடத்துக் காரியஸ்தரும் மகன் வீட்டோடு போய்விட்டார். மடத்துத் தலைவரான சாமி இரண்டு தலைவலிக்கும் ஒரே மருந்தாகப் போட்டார்.

"கூரைக்கு யாரு நல்ல வழி சொல்லுதாரோ, அவருதான் இனிமே காரியஸ்தர். அடியாருங்க கேட்டுட்டுக் கை தூக்கட்டும்."

போட்டிக்கு வந்தவர்கள் இரண்டு சீடர்கள், கோமதிநாயகமும் ஆவுடையப்பனும். இருவருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. ஆசைக்கு மட்டும் நரை விழவில்லை.

கோமதிநாயகம் விஷயம் தெரிந்த மனிதர். வெயிலென்று பார்க்காமல் கூரைமேல் ஏறினார். எல்லோரும் ஓடு சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருக்க, ஓர் உத்தரம் இறங்கியிருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதைத் தூக்கி முட்டுக் கொடுத்து, ஓடுகளை மாற்றி அடுக்கினால் போதும். அப்போதே காரியஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. குளிக்கும்போதும் உத்தரத்தைப் பற்றியே பேசிப் பழகினார்.

கூட்டத்தில் ஆவுடையப்பன் முதலில் எழுந்தார். "கூரைக்குத் தகரம் போடணும்" என்று தொடங்கினார். யாரோ கொட்டாவி விட்டார்கள். மனிதர் பயந்துபோய்ப் பேச்சைத் திருப்பினார்.

"எனக்கப்புறம் பேசப்போறவரு யாரு? முதல் பந்தியில உக்காந்து கடைசிப் பந்தியில எந்திரிக்கவரு. கூரை ஒழுகுனா இவருக்கென்ன, இலை நனையாம இருந்தாப் போதும்."

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

கோமதிநாயகத்துக்குக் காதெல்லாம் சுட்டது. எழுந்தார். உத்தரம் நாக்கு நுனியில்தான் இருந்தது. வெளியே வந்ததோ வேறு.

"ஆவுடையப்பன் தியானத்துல உக்காந்தா குறட்டை வரும். கேட்டா, ஓங்காரம்பாரு."

அதற்கு விழுந்த கைதட்டல் இருக்கிறதே, அப்படி ஒன்றை அவர் தம் வாழ்நாளில் வாங்கியதில்லை. இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு உத்தரத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தார். அதற்குள் ஆவுடையப்பன் எழுந்து இவருடைய மாமனார் வீட்டுச் சண்டையை எடுத்தார். இவர் அவருடைய தலைச்சாயத்தை எடுத்தார்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் அசையவில்லை. "விடாதேயும் வேய்" என்று பின்வரிசையிலிருந்து உற்சாகம் வேறு. சமையல் செய்யும் பேச்சியம்மாள் மட்டும் உள்ளே ஓடி, ஓர் அண்டாவை இழுத்து ஒழுகுகிற இடத்தில் வைத்தாள். அதற்குள் பாதி மழை ரசத்தில் இறங்கியிருந்தது.

சாமி கை தூக்கச் சொன்னார். ஆவுடையப்பனுக்கு எல்லோரும் தூக்கினார்கள். கோமதிநாயகத்துக்கும் எல்லோரும் தூக்கினார்கள். அவ்வளவு திருப்தி ஜனங்களுக்கு.

"கோமதிநாயகம் லாயக்கில்லைன்னு ஆவுடையப்பன் சொன்னாரு. ஆவுடையப்பன் லாயக்கில்லைன்னு கோமதிநாயகம் சொன்னாரு. ரெண்டு பேரையும் நான் நம்புதேன்" என்றார் சாமி. புதுக் காரியஸ்தருக்கென்று கட்டி வைத்திருந்த மாலையை எடுத்துக்கொண்டு மடைப்பள்ளிக்குள் போய், அதை அண்டாவுக்குப் போட்டார்.

"சாமி, என்ன இது?" என்றார் ஆவுடையப்பன்.

"ஒழுகுததுக்குன்னு இன்னைக்கு ஏதோ செஞ்சது இது ஒண்ணுதான். யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லவும் இல்ல."

பந்தியில், கை வலிக்கத் தட்டியவர்களே, "ரசம் ஏன் இப்படித் தண்ணியா கெடக்கு?" என்று முகம் சுளித்தார்கள்.

கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. நாற்காலி போனது ஒரு வருத்தம். கையில் வைத்திருந்த வழியைச் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய வருத்தம். வெட்கத்தை விட்டுச் சாமியிடம் போய் நின்றார்.

"சாமி, உத்தரம் இறங்கியிருக்கு. முட்டுக் கொடுத்தாப் போதும். எனக்கு இது முன்னமே தெரியும்."

"உமக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். நீரு கூரைமேல ஏறினதைப் பார்த்தேனே."

"பொறவு ஏன் சாமி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"



"கேக்கத்தானே வேய் கூட்டம் போட்டேன்? ஆவுடையப்பன் குறட்டை விடுவாருன்னு சொன்னீரு."