உப்பளத்துக்கு எந்த ஃபில்டர்?

"எந்த ஃபில்டரைப் போடணும் டீச்சர்?" என்று கேட்டார் மிக்கேல்.

வடிவுக்கனி உப்பளத்து வரப்பில் முக்காலியை ஊன்றி, கேமராவை அதன்மேல் பூட்டிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

மிக்கேல் தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடுப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். மண்டபத்துக்குள் விளக்குப் போட்டு எடுத்தே பழகிய கை. வெட்டவெளியில் எடுக்கக் கற்றுக்கொள்ளத்தான் வடிவுக்கனியிடம் வந்து சேர்ந்தார்.

வடிவுக்கனி ஆவணப்படங்களுக்குக் கேமரா பிடிப்பவள். வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அவர் எடுக்க வந்தது ஒரே ஒரு ஆளை. தன் மனைவி அமலோற்பவத்தை.

முகூர்த்தமில்லாத மாதங்களில் அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்ததெல்லாம் அவள் உப்புச் சுமந்த கூலியில்தான். அதற்கு அவர் எப்படியாவது ஒரு நன்றி சொல்ல நினைத்தார். அவருக்குத் தெரிந்தது படம் எடுக்க மட்டும். கேட்டபோதெல்லாம், வெயிலில் கறுத்த மூஞ்சியை எதுக்கு என்று அவள் தட்டிக்கழித்துவிட்டாள்.

போன வாரம் கண் டாக்டர் அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டார், இனி உப்பளத்து வெளிச்சம் இந்தக் கண்ணுக்கு ஆகாது என்று. மழைக்கு முந்தின கடைசி உப்பு வாரல் இன்று. இன்றோடு அவள் வேலையை விடுகிறாள்.

"சரி, இன்னைக்கு எடுத்துக்கிடுங்க" என்று காலையில் அவளே சொன்னாள்.

மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

மிக்கேல் வரப்பில் வைத்திருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வட்ட வட்டமாகக் கண்ணாடிகள், ஒன்றைவிட ஒன்று இருட்டு. லென்ஸ்மேல் திருகிப் போடுகிற என்.டி. ஃபில்டர்கள். நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் குறைப்பவை.

"இதுல எது?" என்று மறுபடி கேட்டார்.

"எதுவும் வேணாம். எடுங்க."

எடுத்தார். வானம் வெள்ளை, உப்பு வெள்ளை. நடுவே கறுப்பாக ஏதோ ஒன்று அசைந்தது. அது அவர் மனைவி.

அவராகவே லென்ஸின் துளையை, அப்பர்ச்சரைச் சுருக்கினார். வெளிச்சம் அடங்கியது. ஆனால் பின்னால் நின்ற லாரி, மின்கம்பம், பம்ப்செட் அறை எல்லாம் துல்லியமாக முன்னுக்கு வந்துவிட்டன. அமலோற்பவமும் அவற்றோடு ஒரு கம்பமாக நின்றாள்.

"லாரி வேணுமா?"

"வேணாம் டீச்சர்."

"அப்ப பழையபடி திறந்து வைங்க."

திறந்தார். இப்போது ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். வெளிச்சம் அடங்கியது. லாரியும் மங்கிப் பின்னால் போனது. மிக்கேல் முகம் மலர்ந்தது.

தலையில் உப்புக் கூடையோடு அமலோற்பவம் உப்பைக் கொட்டிக் குவித்த அம்பாரத்தை நோக்கி நடந்தாள். கூடையிலிருந்து ஒழுகிய தண்ணீர் துண்டு துண்டாகத் தெறித்தது. அவள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி வெட்டி வெட்டிப் போனாள்.

மிக்கேல் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"நடை கெட்டுப்போச்சு."

"யார் நடை?"

"அமலி நடை. அவ இப்படி நடக்க மாட்டா. சுமை இருந்தா இடுப்பு லேசா ஆடும். ஆனா கழுத்து அசையாது."

"அது வர்ற மாதிரி ஷட்டரை வைங்க. அப்புறம் அதைத் தொடாதீங்க."

வைத்தார். திரை மறுபடி வெள்ளைக்காடாகிவிட்டது.

அப்போதுதான் வடிவுக்கனி பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மிக்கேல் இப்போது அவளிடம் எதுவும் கேட்கவில்லை. லேசான கண்ணாடியைப் போட்டார். வெள்ளை விலகவில்லை. அடுத்ததைப் போட்டார். வானத்துக்கும் உப்புக்கும் நடுவே ஒரு கோடு தெரிந்தது. அதற்கடுத்ததைப் போட்டதும் அம்பாரத்தில் உப்பு மணிமணியாகத் தெரிந்தது. ஆசை விடவில்லை. இன்னும் இருட்டான ஒன்றைப் போட்டார். உப்பு இன்னும் அழகாகிவிட்டது. ஆனால் முக்காட்டுத் துணிக்குக் கீழே அமலோற்பவத்தின் முகம் முங்கிப்போனது.

அதைக் கழற்றிவிட்டு முந்தினதையே மாட்டினார்.

முகம் வந்தது. வெயிலுக்குச் சுருங்கிச் சுருங்கியே கண்ணைச் சுற்றி விழுந்த கோடுகளும் வந்தன. தண்ணீர் தாரையாக ஒழுகியது. இடுப்பு லேசாக ஆடியது. கழுத்து அசையவில்லை.

மிக்கேல் வடிவுக்கனியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இன்னும் எடுக்கவே ஆரம்பிக்கலை அண்ணே" என்றாள் அவள்.

அதன்பிறகு அவர் நிறுத்தாமல் எடுத்தார். அவள் உப்பு வாருவதை, கூடை தூக்குவதை, கூட வேலை செய்யும் பெண்களோடு நின்று தண்ணீர் குடிப்பதை. இன்னும் ஒரு கூடைதான் பாக்கி. அதை அம்பாரத்தில் கொட்டிவிட்டால் அவள் வேலை முடிந்தது. அந்த ஒன்றுக்குத்தான் மிக்கேல் காலையிலிருந்து காத்திருந்தார். மேகம் சூரியனுக்குக் கிட்டே வந்துவிட்டிருந்தது.

அமலோற்பவம் கூடையை நிரப்பிவிட்டு, தூக்காமல் வரப்புக்கு வந்தாள். அந்தக் கண்ணாடி எதற்கு என்று கேட்டாள்.

வெளிச்சம் ரொம்ப இருந்தால் கேமராவுக்கும் கண் கூசும், இதைப் போட்டால் கூசாமல் பார்க்கும் என்று மிக்கேல் சொன்னார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நான் பாக்கலாமா?"

பெட்டியில் வேறு கண்ணாடிகள் இருந்தன. மிக்கேல் கை அங்கே போகவில்லை. லென்ஸில் மாட்டியிருந்ததையே கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, அவள் கையில் வைத்தார். அவளுக்குச் சரியாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதில் கண்ணாடியை வைத்தாள். உப்பளத்தைப் பார்த்தாள். அவள் நெற்றி மெல்ல மெல்ல விரிந்தது.

"அந்தக் கடைசிப் பாத்தியில நாரை நிக்கி" என்றாள். "நெறைய நிக்கி. சத்தம் கேட்டிருக்கேன். இங்கன இருந்து பாத்ததில்ல."

அம்பாரங்களைப் பார்த்தாள். தூரத்தில் குனிந்து வாரிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, ஒவ்வொருத்தி பெயராகச் சொன்னாள். பிறகு கண்ணாடியோடு திரும்பிப் பாத்திக்குள் இறங்கி, தினமும் வேலை செய்கிற இடத்துக்கே போய் நின்றாள். அங்கிருந்து மிக்கேலைப் பார்த்தாள்.

"ஏங்க."

"என்ன?"

"கல்யாணம் இல்லாத நாள்ல சோறு கொண்டாந்துட்டு அந்த வரப்புலதான நிப்பீங்க. எனக்குக் கண்ணு கூசும். கறுப்பா ஒரு ஆளு நிக்கிறது மட்டுந்தான் தெரியும்."

மிக்கேல் தலையாட்டினார்.

"இப்பிடிச் சிரிச்சிக்கிட்டா நிப்பீங்க?"

அவள் கண்ணாடியை இறக்கவில்லை.

வடிவுக்கனி அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள், "அண்ணே, கேமரா ஓடிக்கிட்டே இருக்கு. படம் பூரா வெளுத்துப்போச்சு. மேகமும் வந்துட்டுது. வெயில் போயிட்டா கடைசிக் கூடை கிடைக்காது."

"தெரியும் டீச்சர்" என்றார் மிக்கேல். "அவ பாத்து முடிக்கட்டும்."