சாட்சிக்கு நின்ற கடமான்

ஓடை ஒன்று வளைந்து ஓடும் ஒரு காட்டில் தவிட்டி என்ற பெண் கடமான் இருந்தது. யாரையும் முகத்துக்கு நேரே வருத்த அதற்கு மனம் வராது. முள்செடியில் உரசினால்கூடச் செடிக்கு வலித்திருக்குமோ என்று திரும்பிப் பார்க்கும்.

ஒருநாள் காலை அது ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கரையில் கொம்பன் யானை வாகை மரத்தில் தழை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. ஒரு கனத்த கிளையைத் துதிக்கையால் வளைத்து இழுக்க, அது ஒடிந்து, பிடி நழுவித் தவிட்டியின் இடது பின்னங்காலில் வந்து விழுந்தது.

கொம்பன் பதறிப்போய் ஓடி வந்தது. "ஐயோ, அம்மா! அடி பலமா?"

அவ்வளவு பெரிய உருவம் தன் முன் தலை குனிந்து நிற்பதைப் பார்க்கத் தவிட்டிக்குக் கூச்சமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒன்றுமில்லை அண்ணா. லேசாக உரசியதுதான்" என்றது. மெல்ல நடந்தே புதருக்குத் திரும்பியும் விட்டது.

மறுநாள் கால் வீங்கிவிட்டது. அடுத்த நாள் தரையில் ஊன்றவே முடியவில்லை.

கோடை வந்தால் ஓடைக்கரைப் புல்லெல்லாம் கருகிவிடும். கூட்டம் முழுவதும் மலைமேல் ஏறிப் போகும். நொண்டிக் காலோடு அந்த ஏற்றம் ஏற முடியாது. ஆனால் அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு விலங்கின் கால் யாரால் போகிறதோ, அது எழுந்து நடக்கும்வரை அவரே அதற்குத் தீனி கொண்டுவந்து போட வேண்டும்.

தவிட்டி நொண்டி நொண்டிக் கொம்பனிடம் போனது. கொம்பனின் கண் கலங்கிவிட்டது. "நான் போடுகிறேன் அம்மா" என்று வாயெடுத்தது. அதற்குள் பக்கத்தில் நின்ற குள்ளநரி அதன் காதோரம் தாவியது.

"அவசரப்படாதீர்கள், தலைவரே! இன்று ஒரு பிடி புல் கொடுத்தால், நாளைக்கு இந்தக் காட்டு நொண்டிகள் எல்லாம் உங்கள் வாசலில் நிற்கும். கரடியாரிடம் வழக்கு போகட்டும். நான் பேசிக்கொள்கிறேன்."

கொம்பன் சரி என்று தலையாட்டியது.

ஓடைக்கரையில் சபை கூடியது. கரடி நியாயம் சொல்ல உட்கார்ந்தது. அது லஞ்சம் வாங்காது. ஆனால் கடைசியாக யார் பேசினாலும் அதுவே சரி என்று அதற்குத் தோன்றும்.

நரி முன்னால் வந்தது. "தவிட்டி அம்மா, அன்று அடி பலமா என்று தலைவர் கேட்டாரா?"

"கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒன்றுமில்லை என்றேன். அவர் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று..."

"அப்படியானால் அவருக்காக அன்று பொய் சொன்னாய். உனக்காக இன்று சொல்லமாட்டாய் என்று எப்படி நம்புவது?"

தவிட்டி கொம்பனைப் பார்த்தது. 'ஒரு வார்த்தை சொல்லுங்களேன், அண்ணா' என்று அதன் கண்கள் கெஞ்சின. கொம்பன் ஓடையில் எதையோ தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மரங்கொத்தி பறந்து வந்து, "நான் பார்த்தேன்! கிளை விழுந்ததைப் பார்த்தேன், காலில் பட்டதையும் பார்த்தேன்!" என்றது.

"எலும்பு முறிந்ததைப் பார்த்தாயா?" என்று நரி கேட்டது.

"எலும்பு தோலுக்குள் அல்லவா இருக்கிறது! அன்று விரிசல் விட்டிருக்கும். மரத்திலும் அப்படித்தான். விரிசல் விட்ட கிளை உடனே விழாது. காற்றில் ஆடி ஆடி, பிறகுதான் விழும்."

"கேட்டீர்களா, ஐயா?" நரி கரடியிடம் திரும்பியது. "கிளையை விழவைத்தது காற்றுதான் என்று சாட்சியே சொல்கிறது. இவள் காலை முறித்ததும் இவளுடைய நடைதான். போகிற வழியில் எந்தப் பள்ளத்தில் இடறினாளோ, யார் கண்டது?"

கரடி தலையைச் சொறிந்தது. "அந்தக் கிளைக்கு ஒரு காலை முறிக்கும் கனம் உண்டா? அதுவே எனக்குத் தெரியவில்லையே."

"கிளை இங்கேதான் கிடக்கிறது, ஐயா. இவளும் இங்கேதான் நிற்கிறாள். இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம். கெட்ட காலில் போட்டால் ஒன்றும் தெரியாது; நல்ல காலில் போடட்டும்."

"வேண்டாம் தவிட்டி!" என்று மரங்கொத்தி கத்தியது. "போய்விடு!"

எங்கே போவது? தவிட்டி மலையை நிமிர்ந்து பார்த்தது. பிறகு, 'நான் சொல்வது உண்மைதானே, எதற்குப் பயப்பட வேண்டும்?' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, கிளை விழுந்த அதே இடத்தில் போய் நின்றது.

கொம்பன் கிளையைத் தூக்கியது. ஒரு கணம் நரியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு போட்டது.

'மடக்' என்ற சத்தம் அக்கரைவரை கேட்டது. தவிட்டி சுருண்டு விழுந்தது. அந்த வலியிலும் அதன் முகத்தில் ஒரு நிம்மதி.

"கேட்டதா, ஐயா? எல்லோருக்கும் கேட்டதா?" என்று அது கேட்டது.

"கேட்டது, கேட்டது" என்றது கரடி. "இந்தக் கிளை காலை முறிக்கும். ஆகையால் கொம்பன்..."

"ஒரு நிமிடம், ஐயா" என்று நரி குறுக்கிட்டது. "இது பட்டால் கால் அந்த இடத்திலேயே முறிகிறது. இவளும் அந்த இடத்திலேயே விழுகிறாள். நீங்களே கண்ணால் பார்த்தீர்கள். அன்று இவள் விழுந்தாளா? நடந்தல்லவா வீட்டுக்குப் போனாள்! அப்படியானால் அன்று இது இவள் காலில் படவே இல்லை."

கரடி வாயைப் பிளந்தது. "அட, ஆமாம்!"

"இப்போது முறிந்த கால்?" என்று மரங்கொத்தி அலறியது. "இதற்கு யார் பொறுப்பு?"

"அவளாகச் சம்மதித்து வந்து நின்றாள். யாராவது பிடித்து இழுத்தார்களா?"

வழக்கு தள்ளுபடியானது. சபை கலைந்தது. எல்லோரும் போன பிறகு மரங்கொத்தி தன் சிறிய அலகால் ஒவ்வொரு புல்லாகக் கொண்டுவந்து போட்டது. ஒரு கடமானின் வயிற்றுக்கு அது எம்மாத்திரம்?

வெயில் ஏறியது. கடமான் கூட்டம் தவிட்டியைச் சுற்றி நின்று, அதன் நெற்றியை நக்கிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக மலையேறிப் போனது. தவிட்டி கழுத்து எட்டிய தூரம்வரை மேய்ந்தது. பிறகு எட்டிய தூரத்தில் புல் இல்லை.

கொம்பன் அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. வேறு துறையில் தண்ணீர் குடிக்கப் பழகிக்கொண்டது.

நீதி: கொடுக்க மனமில்லாதவர் முன்னால் உயிரையே வைத்துக் காட்டினாலும் அது சாட்சியாகாது.