பேர் சொல்லாத பாறை

எனக்கு அவிழாத முடிச்சு இது. நீங்கள் அவிழ்த்துப் பாருங்கள்.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூர். ஊரை ஒட்டி ஒரு மொட்டைப் பாறை, அதன் இடுக்கில் கோட்டான் குடும்பம் ஒன்று. நான் வெளியூர்க்காரன், அதனால் அந்தப் பறவையின் பேரை எழுதிவிட்டேன். அந்த ஊரில் யாரும் அந்தப் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னவர் வீட்டில் ஓர் உயிர் போகும் என்று குலைநடுக்கம். 'பேர் சொல்லாதது' என்பார்கள், அதையும் மெதுவாக.

ஆடு மேய்க்கும் ஒச்சம்மா ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அந்த வாரமே மகள் பாண்டீஸ்வரியின் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே செத்தது. இப்போது மறுபடியும் ஏழாம் மாதம். பிள்ளை பிறக்கிறவரை அந்தப் பேரை எடுக்கமாட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள் ஒச்சம்மா.

பாறையைக் குவாரிக்கு விடப் பேச்சு நடந்தது. அந்த வட்டாரத்தில் காப்பாற்றவேண்டிய பாறைகளையும் உயிர்களையும் பட்டியல் எடுக்க ஜெசிந்தா என்ற கல்லூரி ஆசிரியை வந்தார். கோட்டான் உண்டா என்று வீடுவீடாகக் கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். அவரும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

கிராம சபையில் தலைவர் தனுஷ்கோடி பட்டியலை வாசித்தார். பேர் சொல்லாதது பாறையில் அலறுவதை அவரும் கேட்டவர்தான். ஆனால் அவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. பாறையில் ஒன்றும் இல்லை, குவாரிக்கு விடலாம், ஆட்சேபணை உண்டா என்றார்.

ஒச்சம்மா எழப் பார்த்தாள். மகள் அவள் கையை இறுக்கிப் பிடித்து, "வேணாம்மா" என்றாள். எப்படியோ எழுந்து, பேர் சொல்லாதது அங்கே இருக்கிறது என்றாள் ஒச்சம்மா. ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை.

"எதும்மா? பேரைச் சொன்னாத்தானே எழுத முடியும்?"

"கோட்டான்," என்றாள் ஒச்சம்மா. "ரெண்டு குஞ்சு இருக்கு."

பாண்டீஸ்வரி கையை உதறிவிட்டு எழுந்து போனாள். பாறை பட்டியலில் ஏறியது.

சத்தியத்தை மீறிய தாய், தடுத்த மகள், தெரிந்தும் வாயை மூடிய தலைவர். இதில் யார் செய்தது சரி? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

என் விடை ஒச்சம்மா. பேர் சொல்லாமலே கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாமே என்பீர்கள். நடுங்குகிறவளுக்கு அந்த யோசனை எங்கே வரும்? அந்தப் பயம்தான் இத்தனை காலம் யாரையும் பாறைப் பக்கம் அண்டவிடாமல் பறவையைக் காத்தது. ஆனால் வெடி வைக்க வருகிறவனுக்கு அந்தப் பயம் கிடையாது. பயந்தவர்கள் பேசாமல் இருந்தால் அவனுக்குத்தான் வசதி. சரி, விடை சொல்லியாயிற்று. பாண்டீஸ்வரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை ஒச்சம்மாவுக்குத் தூக்கம் இல்லை. எனக்கும்தான்.