கெடு தாண்டிய காப்பிக்குத் தண்டனை

கடம்பாறை சமஸ்தானத்தில் சூரியன் எப்போது வேண்டுமானாலும் உதிக்கட்டும். ராஜா திம்மராஜ பூபதி காப்பி குடித்தால்தான் அங்கே பொழுது விடிந்ததாகக் கணக்கு. அதற்கு முன்னால் அவர் கண்ணில் பட்டவர்களுக்கு அன்றைய நாள் நல்ல நாளாக இருந்ததில்லை.

ஒரு பங்குனி மாதக் காலை. ராஜா கடைசிச் சொட்டையும் உறிஞ்சிவிட்டு, "பேஷ், குஞ்சிதபாதம்" என்று சமையற்காரரைப் பாராட்டினார். சொன்ன வாய் மூடவில்லை. களஞ்சிய அதிகாரி பேரம்பலம் ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சபைக்குள் ஓடிவந்தார்.

"மகாராஜா, மோசம் போயிட்டோம். காப்பிக்கொட்டை மூட்டையில ஒட்டியிருந்த சீட்டு இது. தை மாசத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும்னு வியாபாரியே எழுதியிருக்கான். கெடு தாண்டின கொட்டையைத்தான் இந்த ஆள் உங்களுக்கு வறுத்துக் கொடுத்துக்கிட்டிருக்கார். குத்தம் முழுக்க இவரோடதுதான்."

பேரம்பலத்துக்கு ராஜாவின் உடம்பு மேல் அவ்வளவு அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய மைத்துனர் வேலைவெட்டி இல்லாமல் வீட்டோடு கிடந்தார். அரண்மனைச் சமையற்கட்டில் இடம் காலியானால் அவரைச் சொருகிவிடலாம்.

கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு ராஜாவுக்கு. சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் அது வலிக்க ஆரம்பித்துவிட்டது.

"ரெண்டு மாசமா நான் செத்துப்போன காப்பியையா குடிச்சேன்? இவரை ஊரை விட்டே துரத்துங்க. நாளைக்குக் காலையில சமஸ்தானத்து எல்லைக்குள்ள இவர் நிழல்கூட இருக்கக் கூடாது."

குஞ்சிதபாதத்துக்குக் கண் கலங்கியது. வீட்டில் மனைவி நிறைமாதம். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்கென்று போவார்?

அப்போது சாரநாதர் எழுந்தார். சபையில் அவருக்கு என்ன உத்தியோகம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அவர் வராத நாளில் சபை உப்பில்லாத கூட்டு மாதிரி இருக்கும்.

"மகாராஜா, இது ரொம்ப லேசான தண்டனை" என்றார். "அடுத்த ஊருக்குப் போய் இவர் பாட்டுக்கு நல்ல காப்பியாக் குடிச்சுக்கிட்டு இருப்பார். அவர் கொடுத்ததை அவரே குடிக்கணும். அந்த மூட்டை தீர்ற வரைக்கும் தினமும் முன்வாசல்ல உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க வறுத்து, எல்லாரும் பார்க்கக் குடிக்கட்டும்."

"அதுதான் சரி" என்றார் ராஜா.

"கூட்டாளிங்க யாராவது இருந்தா?" என்று கேட்டார் சாரநாதர்.

"எவனா இருந்தாலும் இதே தண்டனைதான். எனக்குப் புது மூட்டை வரட்டும்."

பேரம்பலத்துக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. மூட்டை தீர்வதற்குள் சமையற்காரர் தீர்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டார்.

சமையற்கட்டில் குஞ்சிதபாதம் சாரநாதரைப் பிடித்துக்கொண்டார். "உமக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? கேட்டபோதெல்லாம் ரெண்டாம் டம்ளர் கொடுத்தேனே."

சாரநாதர், களஞ்சியத்திலிருந்து வந்திறங்கியிருந்த மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். ஈரமில்லை. ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். பூஞ்சை நாற்றமில்லை. ஒரு கொட்டையைக் கடித்தார். பல்தான் வலித்தது.

"ஓய், இது கெட்டுப்போகவே இல்லையே."

"பச்சைக்கொட்டை காய்ஞ்சு கிடந்தா நாளானாலும் ஒண்ணும் ஆகாது. வறுத்துப் பொடிச்சு வெச்சாத்தான் வாசனை ஓடிப்போகும். அதனாலதான் அன்னன்னைக்கு வேண்டியதை அன்னன்னைக்கே வறுக்கறேன்."

"இதை சபையில சொல்றதுக்கென்ன?"

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கற ராஜாகிட்ட வாதாடி ஜெயிச்சவன் யாரு?"

"அதனாலதான் ஓய் நானும் வாதாடலை. நீர் போய்க் கொட்டையை வறும். நிதானமா வறும்."

மறுநாள் காலை முன்வாசலில் அடுப்பு மூட்டினார்கள். குஞ்சிதபாதம் வாணலியில் கொட்டையைப் போட்டுப் புரட்டினார். கொட்டை படபடவென்று வெடித்தது. காற்று அரண்மனைப் பக்கமாக அடித்தது. இடித்த சூட்டோடு டிக்காஷன் இறக்கி, கறந்த பாலை ஊற்றி, நுரை பொங்க ஆற்றித் தண்டனையை அனுபவித்தார்.

மாடியில் ராஜாவின் கையில் சுக்கு வெந்நீர் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசல் காவலாளி ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாரநாதரிடம் வந்தான். "சாமி, மூட்டையை வண்டியிலேருந்து இறக்கினது நான்தான். மனசாட்சி உறுத்துது."

"தண்டனை கொடும்" என்றார் சாரநாதர். காவலாளி கண்ணை மூடிக்கொண்டு தண்டனையை ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

பால்காரர் வந்தார். "பாவி, அதுல நான்தானே பாலை ஊத்தினேன்." விறகு வெட்டுபவர் வந்தார். டம்ளர் துலக்குகிற அம்மாள் வந்தாள். சேனாதிபதிகூட மீசையைத் தடவிக்கொண்டு, வண்டிக்குக் காவலாக ஆள் அனுப்பியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். கடம்பாறையில் இத்தனை யோக்கியர்கள் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. வரிசை குதிரை லாயம் வரை போயிற்று.

கடைசியில் வரிசை சட்டென்று விலகியது. ராஜாவே வந்து நின்றார். கையில் வெள்ளி டம்ளர்.

"சாரநாதரே, அந்தக் காப்பியை ரெண்டு மாசம் குடிச்சதுமில்லாம, தினமும் பேஷ்னு சொல்லி ஊக்கம் கொடுத்தவனுக்கு என்ன தண்டனை?"

"அவர்தான் முதல் குற்றவாளி, மகாராஜா. அவருக்கு ரெண்டு டம்ளர்."

ராஜா இரண்டையும் குடித்தார். வயிறு மூச்சுவிடவில்லை. "குஞ்சிதபாதம் எங்கேயும் போகக் கூடாது" என்றார். "அவர் போயிட்டா இந்தத் தண்டனையை யார் நிறைவேத்தறது?" குஞ்சிதபாதம் சந்தோஷத்தில் அடுப்பைக் கவனிக்க மறந்தார்; பால் பொங்கி வழிந்தது.

அந்த வாசனையில் பேரம்பலத்துக்கும் பொறுக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "மகாராஜா, மூட்டையை வாங்கினதே நான். பூட்டி வெச்சதும் நான். அளந்து கொடுத்ததும் நான். எனக்கும் தண்டனை கொடுங்க."

கூட்டமே சாரநாதரைப் பார்த்தது.

"நம்பாதீங்க மகாராஜா" என்றார் சாரநாதர் பணிவாக. "நேத்து நம்ம முன்னாடி குத்தம் முழுக்கச் சமையற்காரரோடதுதான்னு சொன்னவர் இவர். இந்த அரண்மனையில மிச்சமிருக்கற ஒரே நிரபராதி. அவரை எப்படித் தண்டிக்கறது?"

ராஜா சிரித்த சிரிப்பில் டம்ளர் கை தவறிக் கீழே விழுந்தது. சிரிப்பு அடங்கியதும் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாரநாதருக்குப் போட்டுவிட்டு, குஞ்சிதபாதத்திடம் கண்டிப்பாகச் சொன்னார்:

"கேட்டீரா? பேரம்பலம் ஒரு பாவமும் அறியாதவர். மூட்டை தீர்ற வரைக்கும் அவருக்கு ஒரு சொட்டு கொடுத்தீர்னா, அப்புறம் நிஜமாவே உம்மை ஊரை விட்டுத் துரத்திடுவேன்."