வள்ளிக்கிழங்கு பேச்சை நிறுத்திய கதை

அந்தக் காலத்தில், இக்போ மக்களின் நாட்டில், மனுசரைப் போலவே பயிர்பச்சைகளும் பேசிக்கொண்டிருந்தன. அதிலும் இந்த வள்ளிக்கிழங்கு இருக்கிறதே, ஆரம்பித்தால் லேசில் நிறுத்தாது. பயிர்களுக்கெல்லாம் தலைவர் அல்லவா, கொஞ்சம் மிடுக்கும் உண்டு. ஆண்கள்தான் அதை நடலாம், ஆண்கள்தான் தோண்டலாம். கொடி காய்ந்த பிறகு, வருசத்துக்கு ஒரே தடவை, வேரோடு பிடுங்குவார்கள். பெண்கள் பாடு சேப்பங்கிழங்கோடு சரி.

ஒரு வருசம் மழை பிந்திப் பெய்தது. ஒபிதியா என்கிறவளின் வீட்டில் கிழங்குப் பரண் துடைத்துவிட்டாற்போல் காலி. சேப்பங்கிழங்கும் தீர்ந்துபோய், கீரையை அவித்துக் குடித்தார்கள். அவளுடைய ஒரே மகள் ஒலன்மாவுக்கு மூன்று வயது. இரண்டு நாளாகக் குழந்தை அழவில்லை. அழுதால்கூடத் தேவலை என்றிருந்தது தாய்க்கு.

"ஒரே ஒரு கிழங்கு தோண்டிக் கொடுங்கள்," என்று புருசன் உதேசேயிடம் கெஞ்சினாள்.

உதேசே கல்நெஞ்சன் இல்லை. "கொடி இன்னும் பச்சையாக இருக்கிறது. இப்போது பிடுங்கினால் விதைக்கிழங்கு கிடைக்காது. இன்றைக்கு நான் பிடுங்கினால் நாளைக்கு ஊரே பிடுங்கும். அடுத்த வருசம் எதை நடுவது? எல்லார் பிள்ளையும் போய்விடும், ஒபிதியா." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. உச்சி வெயிலில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

"பெண்பிள்ளை காலடி மாதிரி இருக்கிறதே, உனக்கு இங்கே என்ன வேலை?" என்றது மண்ணுக்குள்ளிருந்து கிழங்கு.

"பெரியவரே, என் பிள்ளை சாகக் கிடக்கிறது."

"என் பிள்ளைகள் இன்னும் பிறக்கவே இல்லை. என்னைப் பிடுங்கினால் அவர்களும் என்னோடு போய்விடுவார்கள்."

அதுவும் நியாயம்தானே. ஒபிதியா குழந்தையை இறக்கி, கொடி நிழலில் மண்மேட்டின்மேல் கிடத்தினாள். அந்தச் சின்ன மூச்சு மண்ணில் பட்டது.

கிழங்கு மெதுவாகச் சொன்னது: "பிடுங்காதே. பக்கத்து மண்ணைக் கையால் விலக்கு. வேரும் கொடியும் அசையக்கூடாது. தலைக்குக் கீழே அறுத்து உடம்பை எடுத்துக்கொள். தலையை மறுபடியும் மூடிவிடு, அது என் பிள்ளைகளைப் பெற்றெடுக்கும். ஆனால் ஒன்று. கத்தி பட்டால் என் பேச்சும் என் இனத்தின் பேச்சும் போய்விடும். நீ திருடவில்லை என்று சாட்சி சொல்ல எனக்கு வாய் இருக்காது."

கிழங்குத் திருடிக்கு ஊரில் இடம் கிடையாது. அது ஒபிதியாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கையால் மண்ணை விலக்கி, இடுப்புக் கத்தியை எடுத்தாள். அறுத்தாள், தலையை மண்ணால் மூடினாள்.

மூன்றாம் நாள் ஒலன்மா இன்னும் வேண்டும் என்று அழுதாள். ஆனால் கிழங்கு வெந்த வாசனையை எங்கே ஒளித்துவைப்பது? ஊர்ப் பெரியவர்கள் வந்து கேட்டார்கள். "கிழங்கேதான் கொடுத்தது," என்றாள். எல்லாரும் தோட்டத்துக்குப் போனார்கள். உதேசே மண்மேட்டின் பக்கத்தில் மண்டியிட்டு மூன்று தடவை கேட்டான். மண்ணிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"பிள்ளை தகப்பனோடு இருக்கட்டும். நீ போய்விடு," என்றார்கள் பெரியவர்கள்.

ஒபிதியா குழந்தையைப் புருசன் கையில் கொடுத்தாள். "அந்தத் தலையைத் தோண்டிவிடாதீர்கள். கொடி காயும்வரை பொறுங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அப்பா ஊருக்கு நடந்தாள்.

மழை ஓய்ந்து வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் கொடி காய்ந்தது. உதேசே தோண்டினான். தலையைச் சுற்றிக் கைக்குழந்தைகள் அளவில் கொத்தாக விதைக்கிழங்குகள். அவன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். ஊரார் வந்து பார்த்தார்கள். "கிழங்கே சொல்லாமல் இந்த வித்தை அவளுக்குத் தெரிந்திருக்காது, போய்க் கூட்டி வா," என்றார்கள் பெரியவர்கள்.

உதேசே மகளைத் தோளிலும் விதைக்கிழங்குகளைத் துணியிலும் தூக்கிக்கொண்டு மாமனார் ஊருக்குப் போனான். "தப்பு எங்களுடையது. வீட்டுக்கு வா," என்றான்.

ஒபிதியா மகளை வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு சின்னக் கிழங்கைக் காதோடு சேர்த்துப் பிடித்து வெகுநேரம் கேட்டாள்.

"என்ன சொல்கிறது?" என்றான் உதேசே.

"ஒன்றும் சொல்லவில்லை. பேச்சை என் பிள்ளைக்காகக் கொடுத்துவிட்டாரே," என்று சொல்லி அழுதாள்.

அன்று முதல்தான், கொடி பச்சையாக இருக்கும்போதே செய்யும் முதல் அறுவடையில் வள்ளிக்கிழங்கின் உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டு, தலையை அசையாமல் மண்ணுக்குள்ளேயே மூடிவைக்கிறார்கள். அதுவும் யார் என்ன கேட்டாலும் பதில் பேசாமல் பிள்ளை பெற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.