செவலையின் முதுகுக்கு ஒரு சேணம்

செவலை என்கிற குதிரையும் வாலப்பன் என்கிற குரங்கும் ஒரு கோடையில் கூட்டுச் சேர்ந்தன.

அந்தக் கோடையில் காட்டுக் குளம் வற்றிச் சேறாகிவிட்டது. இக்கரைப் புல் எல்லாம் கருகிப் போச்சு. செவலைக்குப் பிறந்து இருபது நாள் ஆன குட்டி ஒன்று இருந்தது. அது மடியை முட்டி முட்டிப் பார்க்கும். பால் வராது. கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு மறுபடியும் முட்டும்.

ஓடைக்கு அக்கரையில் பச்சைப் புல்வெளி ஒன்று இருந்தது. அதன் நடுவில் ஒரு மாமரம், காய்த்துக் கிளை வளைந்து கிடந்தது. ஆனால் எல்லாரும் போய் மேய்ந்தால் இரண்டே நாளில் மொட்டையாகிவிடும் அல்லவா? அதனால் கிழட்டு யானை ஒரு வழக்கம் வைத்திருந்தது. ஒருத்தர் சுமக்க வேண்டும், ஒருத்தர் மேலே உட்கார வேண்டும். விழுந்து கிடக்கிற மரம், முள்புதர், ஓடை, இந்த மூன்றையும் தாண்ட வேண்டும். மேலே இருக்கிறவர் விழக் கூடாது. ஜெயித்தால் சுமந்தவருக்குப் புல், உட்கார்ந்தவருக்கு மாம்பழம், கோடை முடிகிறவரை.

இந்த முறை எதிர்த்து நின்றது ஒரு கடமான். அதன் மேல் உட்காரப் போவது கீரி.

"கவலைப்படாதே செவலை. நல்ல சேணமா ஒண்ணு வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, வாலப்பன் ஒரு தாறு வாழைப்பழத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியது. நானும் வரட்டுமா என்று செவலை மெல்லக் கேட்டது. நீ எதுக்கு, கடையில போய் என்னத்தைக் கண்டே என்று வாலப்பன் சொல்லிவிட்டது.

பாறைக்குக் கீழே முள்ளம்பன்றி அண்ணாச்சியின் கடை. வண்டிக்காரர்கள் தூக்கிப் போட்ட தோலை எல்லாம் பொறுக்கி வந்து, தன் முள்ளையே பிடுங்கி ஊசியாக வைத்து அண்ணாச்சி சேணம் தைக்கும்.

வாலப்பன் ஒவ்வொரு சேணமாகத் தூக்கிப் பக்கத்து மரக்கிளையில் போட்டது. ஏறி உட்கார்ந்தது. இது கடினம் என்றது. இது வழுக்குது என்றது. இதில் வால் வைக்க இடமில்லை என்றது. கடைசியில் சிவப்புப் பட்டு வைத்த சேணம் ஒன்றைப் போட்டு உட்கார்ந்ததும் அதற்குக் கண்ணே சொருகிவிட்டது. பஞ்சு மெத்தை! ஓரமெல்லாம் குஞ்சம். வாலுக்குத் தனியாக ஒரு பள்ளம்.

"குதிரை எங்கேப்பா?" என்று அண்ணாச்சி ஒரு தடவை கேட்டது.

"உக்காரப் போறது நானா, குதிரையா?"

அண்ணாச்சி தாறை வாங்கி வைத்தது. பழத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பட்டுச் சேணம் மூன்று வருஷமாக விற்காமல் கிடந்தது. "புதுசுல கொஞ்சம் பிடிக்கும். போகப் போகச் சரியாயிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பியது.

மறுநாள் காலையில் சேணத்தைக் கட்டினார்கள். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஓடும்போது கொஞ்சம் உறுத்தியது. விழுந்து கிடந்த மரத்துக்கு முன்னால் வந்து, முன்னங்காலை மடக்கித் தாவப் பார்த்ததும் தோள்பட்டை இரண்டையும் யாரோ பிடித்து அமுக்கினது மாதிரி இருந்தது. செவலை நின்றுவிட்டது. வாலப்பன் மட்டும் மரத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் விழுந்தது.

போகப் போகச் சரியாயிடும் என்று அண்ணாச்சி சொன்னதையே வாலப்பனும் சொல்லிவிட்டு மறுபடி ஏறியது. மூன்று தரம் இப்படியே ஆயிற்று. வாலப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. செவலைக்குத் திமிர், பிள்ளை பெற்றதில் இருந்து உடம்பு வணங்கவில்லை என்று குளத்தங்கரை முழுக்கப் போய்ச் சொன்னது. கீரி அதைக் கேட்டுவிட்டு, மாம்பழம் தின்ன இப்போதே பல் விளக்கி வைக்கிறேன் என்றதாம்.

சேணத்தைக் கழற்றியதும் செவலை தனியாகப் போய் நின்றது. ஒரு தாறு பழத்தைக் கொடுத்து வாங்கி வந்ததை நன்றாக இல்லை என்று எப்படிச் சொல்வது? தப்பு தன் மேல்தான் என்று அதுவே நினைத்துக்கொண்டது.

அப்போது வெள்ளச்சி பறந்து வந்து செவலையின் முதுகில் இறங்கியது. வெள்ளச்சி ஓர் உண்ணிக்கொக்கு. தினமும் அந்த முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவதுதான் அதற்குச் சாப்பாடு. எந்த மேட்டில் எந்தப் பள்ளத்தில் உண்ணி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்.

"யக்கா, உடம்பெல்லாம் வேர்த்து வழியுது. தோளுக்குப் பின்னாடி ரெண்டு இடம் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் காய்ஞ்சு கிடக்கே. அந்தச் சேணம் அங்கேதான் வேர்க்கக்கூட விடாம அமுக்குது."

"அவன் ஆசையா வாங்கிட்டு வந்தான் வெள்ளச்சி. எப்படிச் சொல்ல?"

"நீ சொல்ல வேண்டாம். சேணமே சொல்லட்டும்."

வெள்ளச்சி நேராக வாலப்பனிடம் போனது. பட்டுச் சேணத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டது. இவ்வளவு அழகு ஒரு குதிரை முதுகில் போய்க் கிடக்குதே, இந்தச் சிவப்புக்கும் இந்தக் குஞ்சத்துக்கும் உன் முதுகு அல்லவா பொருத்தம், போட்டுக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்தால் ராஜா ஊர்வலம் மாதிரி இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனது.

வாலப்பன் ஒரு தரம் சேற்றுக்கு நடுவில் மிஞ்சிக் கிடந்த தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தது. அப்புறம் சேணத்தைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டது. வெள்ளச்சி அலகால் வாரை இழுத்து, ஒரு ஓட்டை கூடவே இறுக்கிக் கட்டியது.

ஊர்வலம் கிளம்பியது. தவளைகள் சத்தம் போட்டன. குரங்கைச் சேணம் மூடிவிட்டது. வால் மட்டும் பின்னால் வந்தது. பாதி தூரம் போனதும் ஆமை ஒன்று சேற்றில் இருந்து எழுந்து, ராஜாவுக்கு ஒரு மந்திரி வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே மேலே ஏறி உட்கார்ந்தது.

"ஹை! ஹை! மரத்தைத் தாண்டு!" என்றது ஆமை.

வாலப்பன் கையை நீட்டித் தாவப் பார்த்தது. கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சேணத்தின் கட்டை இரண்டு பக்கமும் எலும்பில் குத்தியது. "ஐயோ, அம்மா!" என்று கத்திக்கொண்டு சேற்றில் முகம் குப்புற விழுந்தது. மேலே மெத்தை, மெத்தைக்கு மேலே ஆமை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லா மெத்துனு இருக்கு" என்றது ஆமை.

"இறங்கித் தொலைடா! தோள் பிடுங்குது!"

"திமிர் பிடிச்ச குரங்கு. உடம்பு வணங்கலை" என்றது ஆமை.

தவளைகள் சிரித்த சிரிப்பில் குளமே கலங்கிவிட்டது. செவலை மெதுவாக நடந்து வந்து, வாரைப் பல்லால் அவிழ்த்துவிட்டது. போகும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னது.

"போகப் போகச் சரியாயிடும், தம்பி."

வாலப்பன் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டது. அப்புறம் எழுந்து, செவலையிடம் போய்த் தலையைச் சொறிந்தது. கடைக்கு நீயும் வாயேன் என்றது.

இந்த முறை மூவரும் போனார்கள். வெள்ளச்சி, தீப்பட்ட மூங்கில் புதரில் இருந்து ஓர் இலை நிறையச் சாம்பல் கொண்டு வந்தது. செவலையின் முதுகில் அதைத் தூவி, ஒவ்வொரு சேணமாக வைத்து அமுக்கி எடுத்துப் பார்த்தார்கள். சேணம் எங்கே அழுத்துகிறதோ அங்கே சாம்பல் போய்விடும். பட்டுச் சேணத்தை வைத்து எடுத்தால் தோள்மேட்டில் இரண்டே இரண்டு திட்டு. இன்னொன்று முதுகெலும்பையே வழித்துத் துடைத்துவிட்டது. கடைசியாக மூலையில் கிடந்ததை எடுத்தார்கள். பலாப்பழத் தோல் மாதிரி ஒரு நிறம், ஓரத்தில் ஒட்டு வேறு. வைத்து எடுத்தால், முதுகெலும்புச் சாம்பல் அப்படியே இருந்தது. தோளைத் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சீராகத் துடைத்திருந்தது. செவலை முன்னங்காலை மடக்கிப் பார்த்தது. நன்றாக மடங்கியது.

"இது நல்லாயிருக்கு" என்றது செவலை. சேணத்தைப் பற்றி அது வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

வாலப்பன் ஏறி உட்கார்ந்து பார்த்தது. மெத்தை இல்லை. வாலுக்கு இடமும் இல்லை. முகத்தைச் சுளித்தது. ஆனால் தன் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது.

இதை ஏன் அன்றைக்கே கொடுக்கவில்லை என்று வெள்ளச்சி அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனது.

"குதிரை வந்துச்சு, குதிரைக்கு ஏத்ததைக் கொடுத்தேன். குரங்கு வந்துச்சு, குரங்குக்கு ஏத்ததைக் கொடுத்தேன். பழத்தை மட்டும் திருப்பிக் கேக்காதீங்க, அது வயித்துக்குள்ள போயாச்சு" என்றது அண்ணாச்சி. சேணத்தை மாற்றிக் கொடுத்துவிட்டது.

போட்டி நாளும் வந்தது. முதலில் கடமான். சேணம் எல்லாம் எதற்கு என்று கீரி வெறும் முதுகில் உட்கார்ந்திருந்தது. மரத்தைத் தாண்டினார்கள். முள்புதரின் மேல் எழும்பும்போது கீரிக்குப் பயம் வந்து கடமானின் கழுத்தைக் கடித்துப் பிடித்தது. வலி தாங்காமல் கடமான் உதறியது. கீரி முள்ளுக்குள்ளே போய்விட்டது.

அப்புறம் செவலை. குட்டி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மரத்தைத் தாண்டியது. முள்புதரைத் தாண்டியது. ஓடைக்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்து, காலை மடக்கி, ஒரே எழும்பு! நான்கு குளம்பும் அக்கரைப் புல்லில் இறங்கின. வாலப்பன் மேலேயே இருந்தது.

யானை தும்பிக்கையைத் தூக்கிச் சரி என்றது. அன்று சாயங்காலம் குட்டி முட்டியதும் பால் வந்தது. அது வாயெல்லாம் நுரையோடு நின்றது.

வாலப்பன் மாமரத்தில் ஏறிக்கொண்டு, கீழே வந்தவர்களிடம் எல்லாம் பெருமை பேச ஆரம்பித்தது. எல்லாம் சேணத்தில் இருக்கிறது, அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே நான்தான் என்று சொன்னது.

செவலை புல்லில் இருந்து தலையைத் தூக்கியது.

"தம்பி, அந்தப் பட்டுச் சேணம் இன்னும் கடையிலதான் கிடக்குதாம். ஆமையையும் கூட்டிட்டு வரட்டுமா?"

வாலப்பன் ஒரு முழு மாம்பழத்தை வாய்க்குள் திணித்துக்கொண்டு மேல் கிளைக்குப் போய்விட்டது.

ஒருத்தர் முதுகில் எதை வைக்கிறதாக இருந்தாலும், உட்காருகிறவர் சுகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சுமக்கிறவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.