வட்டம் போட்டுத் தின்ற வண்டு

அந்தக் காலத்தில் இலைகளுக்கும் வாய் இருந்தது. புழு கடித்தால் இலை சும்மா இருக்காது. "இங்கே பார், இங்கே பார்" என்று ஊரைக் கூட்டிவிடும். தோட்டக்காரி ஓடிவந்து புழுவைப் பொறுக்கிப் போடுவாள். அதனால்தான் அப்போது பூசணி இலை வெற்றிலை மாதிரி வழவழவென்று இருந்தது. கூப்பிட வாய் இருந்தது, கேட்க ஆள் இருந்தது. வேறென்ன வேண்டும்?

பாவாயி வீட்டுக் கொடிக்குக் கேட்கும் ஆள் பாவாயிதான். அவள் கம்பு விதைத்திருந்த காட்டை ஆற்று வெள்ளம் அரித்துக்கொண்டு போன வருஷம் அது. மிஞ்சியது குப்பைக்குழி ஓரத்தில் தானாக முளைத்த ஒரே ஒரு பூசணிக்கொடி. அதில் நான்கு பிஞ்சு. மழை மாதங்கள் மூன்றையும் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த நான்கு காயை வைத்துத்தான் தாண்டியாக வேண்டும்.

அங்கேதான் வண்டு வந்தது. கன்னங்கரேலென்று, எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரி ஒரு பளபளப்பு. வந்ததும் வராததுமாகக் கும்பிடு போட்டது.

"அக்கா, நான் அந்தப் புழு மாதிரி கண்ட எடத்துல வாய் வெக்கற ஆளில்லைங்க. எலையில ஒரு வட்டம் போட்டுக்கறேன். கோட்டுக்கு உள்ள எனக்கு, வெளிய உங்களுக்கு. ஒரு இணுக்குத் தாண்டுனா என்னைக் கேளுங்க."

பாவாயி பக்கத்துக் காட்டு வரப்பில் ஒரு கொத்துக்கூட அதிகம் வெட்டாதவள். கோடு என்று ஒருவன் பேசினால் அவளுக்கு மனசு இளகிவிடும். "சரி, போட்ட கோட்டைத் தாண்டாம இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் கொடி சல்லடையாகக் கிடந்தது. இலைக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் நரம்பைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு பிஞ்சு வெம்பி மஞ்சளாகிவிட்டது. இத்தனை நடந்தும் ஒரு சத்தம் இல்லை.

"ஏன்டி யாருமே கத்தலை?" என்றாள் பாவாயி.

தின்னப்பட்ட இலைகள் பேசவில்லை. நுனியில் தப்பியிருந்த இலை ஒன்று தயங்கித் தயங்கிச் சொன்னது: "கடிபட்டவ ஒண்ணும் சொல்லலியே, சம்மதிச்சுத்தான் இருக்காளாக்கும்னு நாங்க நெனச்சோம்."

மறுநாள் காலையில் பாவாயி குப்பைக்குழி ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வண்டு வந்து இறங்கியது. உடனே தின்னவில்லை. இலை வாயைத் திறந்து "பாவா..." என்று ஆரம்பிப்பதற்குள் சுற்றிச் சுற்றி நடந்தபடி ஒவ்வொரு நரம்பாகக் கடித்து அறுத்தது. ஒரு சுற்று முடிந்தது. இலையின் குரலும் முடிந்தது. அதன்பிறகு நடுவில் உட்கார்ந்து, விருந்தில் பந்திக்கு உட்கார்ந்தவன் மாதிரி நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது.

அது எல்லைக்கோடே இல்லை. கழுத்தறுப்பு! அதற்குத்தான் அவள் "சரி" சொல்லியிருக்கிறாள்.

பாவாயிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கையை ஓங்கினாள். வண்டு பறந்து கிளுவை வேலியில் உட்கார்ந்துகொண்டது. "எதுவானாலும் சபையில பேசிக்கலாங்க அக்கா. நாம என்ன சண்டைக்காரங்களா?"

அந்த வேலிதான் சபை. ஓணான்தான் தலைவர். யார் எதைச் சொன்னாலும் பொறுமையாகத் தலையாட்டும் என்பதற்காகவே தலைவராகியிருந்தது.

"இது எலையோட கழுத்த அறுத்துட்டுத் திங்குதுங்க" என்றாள் பாவாயி. ஓணான் தலையாட்டியது. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"வட்டத்துக்கு வெளிய ஒரே ஒரு கடி காட்டச் சொல்லுங்க" என்றது வண்டு. "இந்த ஏற்பாட்டுக்குச் சரின்னு சொன்னதும் அக்காதான்." ஓணான் அதற்கும் தலையாட்டியது.

"சொன்னேன். கோடுன்னு சொன்னே, சரின்னேன். அறுப்புன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே நசுக்கியிருப்பேன்!"

வேடிக்கை பார்க்க வந்த நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது. "பொம்பளை இவ்வளவு சத்தம் போடலாமா? வண்டைப் பாருங்க, எத்தனை மரியாதையாப் பேசுது."

"அது எதுக்குச் சத்தம் போடப்போகுது? அதோட புள்ளைங்க சோறா வெம்பிக் கிடக்குது?"

"கோபப்படாத அம்மிணி" என்றது ஓணான். "கடிபட்டது நீயா, எலையா? எலையே வந்து சொல்லட்டும்."

பாவாயி வட்டம் விழுந்த இலை ஒன்றைக் கிள்ளிக் கொண்டுவந்து வேலிமேல் வைத்தாள். ஓணான் குனிந்து கேட்டது: "கடிக்கறப்ப வேண்டாம்னு சொன்னியா?"

இலை வாயைத் திறந்தது. உதடு அசைந்தது. இன்னொரு தடவையும் அசைந்தது. காற்றுகூட வெளியே வரவில்லை. பிறகு ஓணான் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னது: "எலைக்கு ஆட்சேபணை இல்லை."

"கழுத்த அறுத்துப் போட்டுட்டு, ஏன் கத்தலைன்னா கேக்கறீங்க?"

ஓணான் அதற்கும் தலையாட்டியது. பாவாயியால் பொறுக்க முடியாமல் போனது அதுதான். அவள் சொன்னது புரியாமல் இல்லை. புரிந்தும் தீர்ப்பு மாறவில்லை.

தீர்ப்பு கொடி வரைக்கும் கேட்டிருந்தது. அவள் திரும்பி வந்தபோது மிச்சமிருந்த இலைகள் எல்லாம் வாயை மூடியிருந்தன. பேசினால் அறுப்பார்கள், பேசாவிட்டால் சம்மதம் என்பார்கள், இந்தப் பேச்சு யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டன. வாய் இருந்த இடமெல்லாம் சுணை முளைத்திருந்தது. ஆறுதலாகத் தடவப் போன பாவாயியின் உள்ளங்கையில் சுருக்கென்று குத்தியது.

"நான் பாவாயிடி" என்றாள்.

இலைகளைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. முதல் "சரி" யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்து பனி காயுமுன் அடுப்பைக் கிளறி, சாம்பலைக் கங்கோடு முறத்தில் அள்ளினாள். கொடியில் வண்டு குளிரில் மந்தமாக, அடுத்த இலையில் பாதி வட்டம் போட்டபடி இருந்தது. முறத்தைப் பார்த்ததும் பதறியது.

"அக்கா! சபை தீர்ப்பு இருக்குதுங்க!"

"இருக்கட்டும். இனி அதையே தின்னுக்கோ."

ஒரே வீச்சு. கங்கு பட்டு வண்டின் கறுத்த முதுகு வெந்து சிவந்தது. பனி ஈரத்தில் சாம்பல் இலையோடு ஒட்டிக்கொண்டது. விட்ட இடத்தில் கடிக்கப் பார்த்த வண்டுக்கு வாயெல்லாம் சாம்பல். துப்பிக்கொண்டே வேலிக்குப் பறந்து ஓணானிடம் முறையிட்டது. ஓணான் தலையாட்டியது. பாவாயி திரும்பியும் பார்க்கவில்லை. கங்கு விழாத பக்கமாகக் குனிந்து, கையில் சுணை குத்தக் குத்த, ஒவ்வொரு இலையாகச் சாம்பல் தூவிக்கொண்டு போனாள்.

நான்கு பிஞ்சில் இரண்டு போனது போனதுதான். மிச்சம் இரண்டும் முற்றின. அந்த மழை மாதங்களில் மூன்று பேரும் அரை வயிறாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் சாப்பிட்டார்கள்.

அன்று முதல்தான் பூசணி வண்டு வெந்த செங்கல் நிறத்தில் திரிகிறது; வட்டம் போடும் புத்தி மட்டும் இன்னும் போகவில்லை. அன்று முதல்தான் பூசணி இலை வாய் பேசாமல், தின்ன வந்தவனையும் தடவ வந்தவளையும் ஒன்றுபோலக் குத்துகிறது. அன்று முதல்தான் கொடி வைத்திருப்பவள் விடிந்ததும் சாம்பலோடு போகிறாள். இலை கத்தட்டும் என்று அவள் காத்திருப்பதில்லை.